நிறைந்த தொட்டியும் அணையாத விளக்கும்

என் மனைவி பள்ளிக்கூட நேரத்தில் எனக்குப் போன் செய்கிறவள் அல்ல. செய்தால், ஒன்று உறவில் யாராவது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அல்லது நான் வீட்டில் எதையோ அணைக்காமல் வந்திருக்க வேண்டும். அந்தத் திங்கட்கிழமை இரண்டும் இல்லை.

"இஞ்ச பாருங்க, காருக்குள்ள ஒரு படகு எரியுது" என்றாள்.

நான் கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்திருந்தேன். நூலகர் என்பதால் சத்தமாகப் பேசக் கூடாது. பேசினால் நான் வைத்த பலகையையே நான் மீறியதாகும். வாயைக் கையால் பொத்திக்கொண்டு, "படகா?" என்றேன்.

"ஆமா. கீழ ரெண்டு அலை. அதுக்கு மேல ஒரு கம்பு நிக்குது. மஞ்சளா எரியுது. அருமனை தாண்டினப்பத்தான் பாத்தேன்."

"ஓட்டும்போதா எரியுது?"

"பின்ன, நான் ஒறங்கும்போதா?"

அது படகு அல்ல, கூலன்ட் குறைந்துவிட்டது என்று கார் தெரிவிக்கும் முறை என்பதை நான் அறிந்திருந்தேன். எங்கேயோ படித்திருக்கிறேன். நான் அறிந்ததெல்லாம் எங்கேயோ படித்ததுதான். என்ஜினின் சூட்டை வாங்கிக்கொண்டு ஒரு திரவம் சுற்றிச் சுற்றி வரும். சூடேறினால் பெருகும், ஆறினால் சுருங்கும். பெருகும்போது ஒதுங்கிக்கொள்ள ஓரமாக ஒரு பிளாஸ்டிக் தொட்டி இருக்கும். தொட்டிக்குள் ஒரு சிறிய மிதவை. மட்டம் இறங்கினால் மிதவை இறங்கும், மிதவை இறங்கினால் விளக்கு எரியும். இவ்வளவுதான் விஷயம். இதை அவளுக்குப் பொறுமையாக விளக்கிவிட்டு, விளக்கம் முடிந்த பிறகும் நிறுத்தத் தெரியாமல் இன்னொரு வாக்கியத்தையும் சேர்த்தேன்.

"நேத்து திற்பரப்புல அந்தக் குழியில எறக்கினியே, அதுதான் காரணமா இருக்கும்."

"செரி, பெல் அடிச்சாச்சு" என்று வைத்துவிட்டாள்.

அந்தக் குழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். திற்பரப்பில் விடுமுறைக் கூட்டம். அருவியில் குளித்துவிட்டு ஈரத் துண்டுகளை ஜன்னலில் பறக்கவிட்டபடி எதிரே ஒரு வேன் வந்தது. அவள் மரியாதையாக இடது பக்கம் ஒதுங்கினாள். ஒதுங்கின இடத்தில் சாலை இல்லை. சாலை இருந்த நினைவு மட்டும் இருந்தது. முன் சக்கரம் இறங்கி, அடியில் 'கறக்' என்று ஒரு சத்தம் கேட்டது. பக்கத்து இருக்கையில் இருந்த நான், சக்கரம் இறங்கி முடித்த பிறகு, "பாத்து" என்றேன். என் ஆலோசனைகள் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் வரும்.

எனக்கும் ஓட்டுநர் உரிமம் இருக்கிறது. ஒருமுறை எங்கள் வீட்டு வாசலின் வலது பக்கத் தூணை இடித்து எடுத்துவிட்டேன். அதன் பிறகு ஆலோசகராக இருப்பதே என் இயல்புக்குப் பொருந்தும் என்று தெரிந்துகொண்டேன். அவள் அப்படி இல்லை. நாற்பத்தைந்து வயதில் கற்றுக்கொண்டாள். அதுவரை குலசேகரத்திலிருந்து அருமனைக்கு அப்பால் இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ் மாறி, மழையில் நனைந்து, நின்றுகொண்டே போய் வந்தவள். ஓட்டக் கற்றதும் அவளே விசாரித்து, அவளே போய்ப் பார்த்து, அவளே வாங்கிய பழைய கார் அது. பத்து வயது இருக்கும். உயரம் போதாததால் இருக்கையில் ஒரு சிறிய தலையணை வைத்துக்கொள்வாள். பின்னால் உடன் வேலை செய்யும் இரண்டு டீச்சர்கள் ஏறிக்கொள்வார்கள். ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே போகும்போது கீர்த்தனை பாடுவாள்; வளைவு வந்தால் நிறுத்தி, வளைவு தாண்டியதும் விட்ட வரியிலிருந்து எடுப்பாள். வீட்டில் பாடுகிறவள் அல்ல. சர்ச் பாடகர் குழுவில்கூட இரண்டாம் வரிசையில் நின்று, பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காத அளவுக்குத்தான் பாடுவாள்.

அன்று சாயங்காலம் வண்டி வந்து நின்று ஆறியதும் முன்மூடியைத் திறந்து பார்த்தேன். எதிர்பார்த்தது காலித் தொட்டி. ஆனால் தொட்டி கழுத்து வரைக்கும் நிறைந்து, இளஞ்சிவப்பாகத் தளும்பிக்கொண்டிருந்தது.

எனக்கு ஆச்சரியம் இல்லை, பெருமைதான். ஏனென்றால் அதை நிறைத்தவன் நான். இரண்டு வாரத்துக்கு முந்தின ஒரு ஞாயிறு மதியம், சும்மா இருக்கப் பிடிக்காமல் மூடியைத் திறந்து பார்த்தபோது தொட்டியில் இளஞ்சிவப்புத் திரவம் பாதிக்குத்தான் இருந்தது. மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவில் இருந்தால் போதும் என்று காரோடு வந்த கையேட்டில் எழுதியிருக்கிறது. வாழ்நாளெல்லாம் புத்தகங்களோடு இருந்தவன் அந்த ஒரு புத்தகத்தை மட்டும் படிக்கவில்லை. போன சர்வீஸின்போது மெக்கானிக் மிச்சமிருந்த கூலன்டை ஒரு பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தது நினைவு வந்தது. டிக்கியைத் திறந்தேன். பாட்டில் கிடந்தது, உள்ளே இளஞ்சிவப்பு. செய்தித்தாளைக் கூம்பாகச் சுருட்டி, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் ஊற்றினேன். யாரிடமும் சொல்லவில்லை. நல்ல காரியத்தை விளம்பரப்படுத்துவது என் வழக்கமல்ல. வேறு யாராவது கண்டுபிடித்துப் பாராட்டட்டும் என்று காத்திருப்பேன்.

ஆகவே, "தொட்டி நிறைஞ்சிருக்கு. சென்சார்தான் பொய் சொல்லுது" என்றேன்.

"குழியில விழுந்ததுனாலயா?"

"அதிர்வுல உள்ள ஏதாவது கழந்திருக்கும்."

அவள் முந்தானையால் விளக்கு எரியும் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தாள். துடைத்தால் போகும் என்று நினைத்தாளோ என்னவோ.

அடுத்த சில நாட்கள் நான் ஆராய்ச்சியில் இறங்கினேன். உலகத்தில் கூலன்ட் சென்சார் பற்றி வீடியோ போடாத நாடு இல்லை. ரஷ்யக்காரர் ஒருவர் பேசியது ஒரு எழுத்துகூடப் புரியவில்லை, ஆனால் மற்றவர்களைவிட அவர்தான் தெளிவாகச் சொன்னார். என்ஜின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது. தொட்டியின் அடியில் இருக்கும் இணைப்பைக் கழற்றி, வயரின் இரண்டு முனைகளையும் ஒரு கம்பியால் சேர்த்துப் பார்க்க வேண்டும். நூலகத்திலிருந்து ஒரு ஜெம் கிளிப் கொண்டுவந்து அதையும் செய்தேன். விளக்கு அணைந்தது! கிளிப்பை எடுத்தேன், எரிந்தது. வைத்தேன், அணைந்தது. வயரில் குறையில்லை, தொட்டிக்குள்தான் ஏதோ இருக்கிறது என்பது இதன் பொருள். மிதவை கீழேயே நிற்கிறது என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். நான் சென்சார் செத்துவிட்டது என்ற முடிவுக்கு வந்தேன்.

சந்தேகத்துக்குக் கரண்டிக் காம்பால் தொட்டியை நாலு தட்டுத் தட்டினேன். விளக்கு ஒரு நிமிடம் அணைந்து, மறுபடி எரிந்தது.

"தேங்கா முத்தினதான்னு பாக்குத மாதிரி தட்டுறியளே" என்றாள் மனைவி, பின்வாசலில் நின்று.

"இது ஒரு சோதனை முறை."

"அது என்ன சொல்லுது?"

"யோசிக்குது."

அவள் சிரிக்கவில்லை. வழக்கமாகச் சிரிப்பாள். அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான், அடுத்த வாரம், என் மைத்துனன் வந்து சேர்ந்தான். அவளுடைய தம்பி. கல்ஃபில் பல வருஷமாக ஜெனரேட்டர் பராமரிப்பில் இருக்கிறான், விடுமுறைக்கு வந்திருந்தான். அக்காள் மேல் உயிர். அந்த உயிரை அவன் வெளிப்படுத்தும் விதம், அவள் வைத்திருக்கும் எதையும் அபாயமானது என்று நிரூபிப்பது. காஸ் அடுப்பு, மொட்டைமாடிப் படி, நான் என்று வரிசையாகச் சொல்லி முடித்திருந்தான். இப்போது கார்.

என்ஜினின் எண்ணெய் மூடியைத் திருகி எடுத்து, மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடினான்.

"அத்தான், ஹெட் கேஸ்கட் போயிருக்கும்."

"எப்பிடி சொல்லுத?"

"என்ஜினுக்குள்ள அடைக்குத தகடு அது. போனா கூலன்ட் எண்ணெயில கலந்து எண்ணெ சாயா கலர்ல வரும்."

"இப்ப சாயா கலர்ல இல்லியே."

"வரும்." மூடியைத் திருகிப் போட்டான். "அங்கெல்லாம் இந்த விளக்கு எரிஞ்சா வண்டியத் தொடமாட்டானுவ. நேரா ஸ்கிராப்புதான். அக்கா, நீ ஒருநாளு ரப்பர் காட்டுக்கு நடுவுல என்ஜின் உருகி நிக்கப் போற. பின்னால ரெண்டு டீச்சர்மாரு வேற."

அவள் மாறி மாறி எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது. அப்போது சொன்னது: "அன்னைக்கு அந்தக் குழியில விழாம இருந்திருந்தா..."

"லே, உனக்குத் தெரிஞ்ச ஆளு இருக்கா வண்டி எடுக்க?" என்று தம்பியிடம் கேட்டாள்.

"மார்த்தாண்டத்துல இருக்கான். சனிக்கிழம காலையில நான் வந்து கொண்டுபோறேன். வேற நல்ல வண்டி பாக்கலாம்."

"வேற வண்டி வேண்டாம் மக்கா. நான் இனி ஓட்டேல்ல. ரோட்டப் பாத்து ஓட்டத் தெரியாதவளுக்கு எதுக்கு வண்டி? பஸ்ஸே போதும்."

அதில் கோபம் இல்லை. மார்க் போட்டு முடித்த பேப்பரைக் கட்டி வைக்கிற குரலில் சொன்னாள்.

மறுநாள் காலை பஸ்ஸுக்குப் போவதற்கு முன் காரிலிருந்து தன் சாமான்களை எடுத்தாள். நான் பல் தேய்த்தபடி பார்த்துக்கொண்டு நின்றேன். கீர்த்தனைப் புத்தகம், குடை, ஒரு சீப்பு, கால்வாசி தேய்ந்த சாக்பீஸ் டப்பா, மழைக்கு ஒரு ஜோடி செருப்பு, கடைசியாக அந்தத் தலையணை. எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டாள். பிறகு சாவியைச் சுவர் ஆணியில், காலண்டருக்குப் பின்னால் தெரியாதபடி மாட்டினாள்.

டீச்சர்கள் இருவரும் முந்தின நாள் சாயங்காலமே போனில் விசாரித்திருந்தார்கள். "இனி நீங்க உங்க பாடு பாத்துக்கிடுங்க பிள்ளையளே" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். போனை வைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

அந்தக் கார் விற்கப்படுவதில் எனக்கு நஷ்டமில்லை. நான் வழக்கம்போல டூ வீலரில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஆனால் இரண்டு நாளாக வீடு ஏதோ மாதிரி இருந்தது. சாயங்காலம் நாலரைக்கு வாசலில் வந்து ஒரு தடவை ஹார்ன் அடிப்பாள். கேட்டைத் திறக்கச் சொல்லும் ஹார்ன். திறந்துதான் கிடக்கும், இருந்தாலும் அடிப்பாள். இப்போது ஐந்தேகாலுக்குச் சத்தமில்லாமல் நடந்து வந்து, வாசலில் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். வெள்ளிக்கிழமை நான் விடுப்பு எடுத்தேன். அவளிடம் சொல்லாமல் மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொன்னேன். கொடுப்பதாக இருந்தாலும் என்ன நோய் என்று தெரிந்துகொண்டு கொடுப்போமே என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

மெக்கானிக்குக் குலசேகரம் சாலையில் ஒரு பலா மரத்தடியில் பட்டறை. கார்களைப் பற்றி நோயாளிகளைப் போலப் பேசுவார். மதியம் இரண்டு மணிக்கு ஸ்கூட்டரில், காலுக்கிடையில் கருவிப் பெட்டியோடு வந்தார்.

"எத்தன நாளா சார் இந்த சொகக்கேடு?"

"பன்னெண்டு நாளு."

மூடியைத் திறந்து தொட்டியை எட்டிப் பார்த்தார். "யாரு சார் இவ்வளவு ஊத்தினது? கழுத்து வரைக்கும் நிக்குதே."

"தெரியாது" என்றேன். எதற்காக அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. மனித சுபாவம் நம்மைக் கேட்டுக்கொண்டு வேலை செய்வதில்லை.

அவர் தொட்டிக்குள் ஒரு விரலை விட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தார். இன்னொரு தடவை தேய்த்தார்.

"கூலன்டுன்னா வழுக்கும் சார். இது வழுக்கு கம்மியால்லா இருக்கு." மூக்கில் வைத்துப் பார்த்தார். "மணமும் நம்ம வீட்டு மணம் மாதிரி இருக்கு."

குழாய்களைக் கழற்றி, தொட்டியை வெளியே எடுத்து, ஒரு வெள்ளை பேசனில் கவிழ்த்தார். காலித் தொட்டியைக் காதருகே வைத்து ஆட்டினார். உள்ளே மிதவை ஆடும் சத்தம் வர வேண்டும், வரவில்லை. ஒரு மெல்லிய கம்பியை உள்ளே விட்டு நோண்டினார். சிவந்த நார்போல ஒன்று வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு கொத்தாக. உள்ளங்கையில் பரப்பி வைத்துக்கொண்டு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"சார், இது பதிமுகமில்லா?"

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் தண்ணீருக்கு வெள்ளம் என்று பெயர்; பல வீடுகளில் அதை வெறுமனே குடிக்கக் கொடுப்பதில்லை. பதிமுகம் என்ற மரத்தின் செதில்களை ஒரு பிடி அள்ளிப் போட்டுக் கொதிக்க வைப்பார்கள். தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும். விருந்தாளிக்கு அதைத்தான் கொடுப்போம். புதிதாக வருகிறவர்கள் ஷர்பத் என்று நினைத்து வாயில் வைத்து ஏமாறுவார்கள். என் மனைவி தினமும் ஒரு பெரிய பாட்டிலில் அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவாள். அவசரத்தில் வடிகட்ட மாட்டாள், செதில் அடியில் கிடக்கும். வெள்ளிக்கிழமை மிச்சம் வந்தால் பாட்டில் டிக்கியிலேயே கிடக்கும், திங்கட்கிழமை கழுவி நிறைப்பாள்.

நான் ஊற்றியது ஞாயிற்றுக்கிழமை.

என்ஜினுக்கு நான் குடிவெள்ளம் கொடுத்திருக்கிறேன். அதுவும் அடிமண்டியோடு, ஒரு சொட்டு மிச்சமில்லாமல். செதிலெல்லாம் ஊறிப் பெருத்து, மிதவையைப் பிடித்து அடியிலேயே அமுக்கி வைத்திருக்கிறது. மேலே தொட்டி நிறைந்திருக்க, கீழே மிதவை 'காலி, காலி' என்று பன்னிரண்டு நாளாகக் கத்தியிருக்கிறது.

மெக்கானிக்கின் முகம் திடீரென்று மாறியது. "சார், அப்போ நான் குடுத்த பாட்டிலு எங்க?"

அவர் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒரே மாதிரி இரண்டு பாட்டில். ஒன்றில் குடிக்கும் வெள்ளம், இன்னொன்றில் விஷம். நான் ஒன்றை மாற்றி எடுத்துவிட்டேன் என்றால் அவள் எதை எடுத்திருப்பாள்? இரண்டு பேரும் டிக்கிக்கு ஓடினோம். ஓடுவதற்கு அங்கே தூரமில்லை, ஆனாலும் ஓடினோம். விரிப்பைத் தூக்கினார். ஸ்டெப்னி சக்கரத்துக்கு அடியில், அவரே செய்தித்தாளில் சுற்றி, நூல் கட்டி வைத்த முடிச்சோடு அப்படியே கிடந்தது. பிரித்து, விரலில் தொட்டுத் தேய்த்தார். வழுக்கியது.

"தொடவேயில்ல சார்" என்றவர், அப்படியே டிக்கியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். "குடிவெள்ள பாட்டில்ல இத ஊத்திக் குடுத்தது எனக்க தப்பு. பட்டறையில வேற பாட்டிலு இல்லேன்னு குடுத்தேன். என்ன வேணாலும் நடந்திருக்குமே சார்."

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு நடுவயது ஆண்கள், டிக்கியில், ஆளுக்கொரு குற்றத்தோடு.

அவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "சார், டீச்சர்கிட்ட இதெல்லாம் விரிவா சொல்லணுமா?"

"என்ன சொல்லலாம்?"

"மிதவை பழசாயிட்டு, சரி பண்ணியாச்சுன்னு சொல்லலாம். பத்து வருஷ வண்டி. பழசாகிறதுதானே?"

"அது நியாயமான விளக்கமாத்தான் இருக்கு" என்றேன். உள்ளபடியே நிம்மதியாக இருந்தது. இருபது வருஷமாக வீட்டில் எனக்கு ஒரு பெயர் உண்டு. கைவேலை வராது, ஆனால் விஷயம் தெரிந்தவர். அந்தப் பெயரின் இரண்டாம் பாதியையாவது காப்பாற்றிக்கொள்ளலாம்.

அவர் வேலையில் இறங்கினார். தொட்டியைக் கழுவி, என்ஜினுக்குள் சுற்றிக்கொண்டிருந்ததையும் வெளியேற்றி, சுத்தமான தண்ணீர் விட்டு இரண்டு தடவை அலசினார். பிறகு கடையிலிருந்து வாங்கி வந்த புதுக் கூலன்டை நிறைத்தார். நடுக்கோடு வரை மட்டும். வண்டியை ஓடவிட்டு, தடித்த ரப்பர் குழாயைக் கையால் பிசைந்து பிசைந்து காற்றை வெளியேற்றினார். விசிறி சுழன்று நின்றது. நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். படகைக் காணவில்லை.

அப்போது கேட்டைத் தள்ளிக்கொண்டு மனைவி வந்தாள். பஸ் நெரிசலில் சேலை கசங்கி, தோளில் பை, கையில் பேப்பர் கட்டு. ஓடிக்கொண்டிருந்த காரையும், மெக்கானிக்கையும், கூலன்ட் கறை பட்ட என் வேட்டியையும் பார்த்தாள்.

"நாளைக்கு குடுக்கப் போற வண்டிய எதுக்கு கழட்டுறிய?"

மெக்கானிக் முந்திக்கொண்டார். "ஒண்ணுமில்ல டீச்சர். உள்ள இருக்கிற மிதவை பழசாயிட்டு. அதான் பிடிச்சுக்கிட்டு நின்னுது. சரியாக்கியாச்சு."

அவள் பையை இறக்கவில்லை. "கேஸ்கட்டுன்னு தம்பி சொன்னானே?"

"கேஸ்கட்டு கல்லு மாதிரி இருக்கு."

"அப்போ..." கொஞ்சம் தயங்கிக் கேட்டாள். "நான் அந்தக் குழியில எறக்கினேனே, அந்த அடியிலதான் மிதவை பிடிச்சுக்கிட்டா?"

மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் காரைப் பார்த்தேன்.

"அப்பிடியும்... வரலாம் டீச்சர்" என்றார், மெதுவாக.

அவள் தலையாட்டினாள். இதைத்தானே எதிர்பார்த்தேன் என்பது போல ஒரு தலையாட்டல். "பாத்தியளா, நான் சொன்னது செரிதான். இப்ப சரியாக்கினாலும் நாளைக்கு இன்னொரு குழியில எறக்குவேன். அவன் வந்து கொண்டுபோகட்டும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போகத் திரும்பினாள்.

"நான்தான் ஊத்தினேன்" என்றேன்.

அவள் திரும்பினாள். மெக்கானிக் குனிந்து ஸ்பானர்களை எண்ணத் தொடங்கினார்.

"என்னத்த ஊத்தினிய?"

"உனக்க வெள்ளத்த. கூலன்டுன்னு நெனச்சு. குழியில எறங்கினதுக்கு ரெண்டு வாரம் முந்தியே. குழிக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

"எனக்க பதிமுக வெள்ளத்தையா?"

"ஆமா."

"ஒரு ஞாயித்துக்கிழம கையக் கழுவிட்டு வந்து, ஏதோ பெரிய வேல பாத்த மாதிரி ரெண்டு சாயா கேட்டு வாங்கிக் குடிச்சியளே, அன்னைக்கா?"

"அன்னைக்குத்தான்."

"வெள்ளிக்கிழமத்த மிச்சம் அது. அடியில சக்கை கெடந்திருக்குமே."

"கெடந்தது. எடுத்தாச்சு." பேசனைக் காட்டினேன். சக்கை அதில், பத்திரமாக எடுத்து வைத்ததுபோல ஓரமாக ஒதுங்கிக் கிடந்தது.

அவள் மெக்கானிக் பக்கம் திரும்பினாள். "நீங்க இப்ப பழசுன்னு சொன்னிய?"

"கொஞ்சம் பழசும்தான் டீச்சர்" என்றார் அவர், பெட்டியை மூடிக்கொண்டே. தான் கூலன்டைக் குடிவெள்ள பாட்டிலில் கொடுத்த கதையை அவரே சொல்லி முடித்துவிட்டு, அவள் மறுமொழி சொல்வதற்குள் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். நான் கிளம்ப முடியாத இடத்தில் இருந்தேன்.

"பன்னெண்டு நாளு" என்றாள்.

நான் வேட்டிக் கறையைத் தேய்த்தேன்.

"பன்னெண்டு நாளா, காலையில கண்ணு முழிச்சதும் அந்தக் குழிதான் முன்னால நிக்கும். கிளாஸ்ல போர்டுல எழுதும்போது நிக்கும். பஸ்ஸுல போவும்போது டிரைவர் எப்பிடி ஒதுக்குறாருன்னு எட்டி எட்டிப் பாப்பேன், நான் எங்க தப்பு பண்ணினேன்னு. நீங்க என்னன்னா கரண்டிய வச்சுத் தட்டிக்கிட்டு நின்னிய."

"சோதனை முறை..." என்று ஆரம்பித்தேன். தேவையில்லாத வார்த்தை. ஆனால் அதுதான் காரியத்தைக் கெடுத்தது, அல்லது நிறைவேற்றியது. அவளுடைய உதடு துடித்தது. அழப் போகிறாள் என்று நினைத்து ஓர் அடி எடுத்து வைத்தேன். பேப்பர் கட்டைக் கார் மேல் வைத்துவிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்தபடி படியில் உட்கார்ந்து சிரித்தாள். "காருக்கு குடிக்கக் குடுத்திருக்கியளே, நல்ல விருந்தாளி!" என்று சொல்ல வந்து முடிக்க முடியாமல் மறுபடி சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பில் வந்த கண்ணீரா, வேறா என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

எழுந்து பையிலிருந்து போனை எடுத்தாள்.

"லே, நாளைக்கு வராண்டாம். வண்டி குடுக்கேல்ல." அந்தப் பக்கம் அவன் ஏதோ படபடவென்று பேசினான். "இல்ல, கேஸ்கட்டு இல்ல. இல்லலே, எனக்க குழியும் இல்ல. எல்லாம் சரியாயிட்டு. திங்கக்கிழம நான் ஓட்டிக்கிட்டுத்தான் போறேன், அந்த பிள்ளையளுக்கும் இப்ப சொல்லப் போறேன்." மறுபடி அவன் பேசினான். அவள் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இரக்கம் இருந்தது, ஆனால் இறுதி முடிவை மாற்றும் அளவுக்கு இல்லை.

"காரணம் என்னன்னா கேக்க? உனக்க அத்தான் பக்கத்துலதான் நிக்காரு. அவரே விவரமா சொல்லுவாரு. அவருதானே எல்லாம் படிச்சவரு."

போனை என் கையில் கொடுத்தாள். பேப்பர் கட்டை மடியில் வைத்துக்கொண்டு, வகுப்பில் ஒப்புவிக்கச் சொன்ன பிள்ளையின் முன்னால் உட்காருவதுபோல, படியில் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டாள்.

"சொல்லுங்க அத்தான்" என்றான் மைத்துனன். தொடர்ந்து, "ஏட்டி, பிள்ளையள எல்லாம் இஞ்ச கூப்பிடு, அத்தான் கார் கத சொல்லப் போறாரு" என்று அவன் மனைவியிடம் சொல்வதும், போனை ஸ்பீக்கரில் போடுவதும், நாற்காலிகள் இழுபடுவதும் கேட்டன.

நான் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஆரம்பித்தேன்.